இரவல் பாட்டு

தனக்குப் பிடித்த பாட்டைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்க நல்ல ரசிகனால் முடிவதில்லை. பக்கத்தில் இருப்பவனை இழுத்து உட்கார வைத்து, "இதைக் கேள்" என்று சொன்னால்தான் அவனுக்குப் பாட்டுக் கேட்ட திருப்தி வரும். நல்ல குணம்தான். அதே ரசிகன் கையில் ஒரு காமிராவும் வந்து சேர்ந்துவிட்டால் என்ன ஆகிறது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் நம் சிறு நகரங்களில்கூட ரிக்கார்டிங் கடை ஒன்று இருக்கும். பாட்டுகளின் பட்டியலை நோட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தால், கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து வெற்றுக் காஸெட்டில் பதிந்து தருவார். அறுபது நிமிஷக் காஸெட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிஷம்; ஆறேழு பாட்டு. இடம் போதாமல் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவிலேயே அறுந்துவிடுவதும் உண்டு. எதை முதலில் வைப்பது, எதற்குப் பின் எது, சோகப் பாட்டுக்கு அடுத்தாற்போல் குதூகலப் பாட்டு வரலாமா என்றெல்லாம் மணிக்கணக்கில் யோசித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு வரிகூடச் சொந்தமாக எழுதத் தெரியாதவன் அந்தப் பட்டியலில் தன்னை எழுதிக் காட்டினான். அதைப் பெற்றுக்கொண்டவளும் புரிந்துகொண்டாள். இன்று காஸெட் இல்லை; செல்போனில் அந்தக் காரியம் ஒரு நொடியில் நடந்துவிடுகிறது. பட்டியல் போடும் ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில், ஆரோவில்லை ஒட்டினாற்போல் இருக்கும் இடையஞ்சாவடியில் இந்த ஆசை உள்ள சில இளைஞர்களை எனக்குத் தெரியும். ஒருவருக்கொருவர் பாட்டு அனுப்பிக்கொள்வார்கள். அதே செல்போனில் படமும் எடுப்பார்கள். அந்த வட்டாரத்துக்குப் படம் எடுக்கும் சூழ்நிலை புதிதல்ல. ஆரோவில் திரைப்பட விழா 2009-ல் தொடங்கியது. சினிமாவைத் தொழிலாகக் கொள்ளாதவர்களின் படங்களுக்கும் அங்கே இடம் உண்டு. 2009-ஐ ஒட்டித்தான் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியும் வந்தது. குறும்படம் எடுத்தால் கோடம்பாக்கத்துக்கு வழி பிறக்கும் என்ற நம்பிக்கையை ஊர்தோறும் பரப்பியது அது. கார்த்திக் சுப்புராஜும் நலன் குமரசாமியும் அந்த வழியாக வந்தவர்கள்தாம்.

இந்த இளைஞர்கள் எடுத்த படம் ஒன்றைப் பார்த்தேன். நான்கு நிமிஷப் படம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் மரக்காணத்து உப்பளங்களில் எடுத்தது. விடியற்கால வெளிச்சம், வானத்தைத் தாங்கிக்கொண்டு கிடக்கும் பாத்திகள், பலகையால் உப்பை இழுத்துக் கூட்டும் பெண்கள், வெள்ளைக் குவியல்கள். அடியில் முதலிலிருந்து கடைசிவரை, எடுத்தவருக்கு உயிரான ஒரு பழைய திரைப்பாட்டு. பார்த்தவர்கள் உருகினார்கள். நானும் கொஞ்சம் உருகினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு ஒலியை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னேன். இப்போது அது வேறு படமாக இருந்தது. ஒரு பெண் பலகையைக் கீழே வைத்து, கண்ணைப் புறங்கையால் மறைத்துக்கொண்டு சிறிது நேரம் சும்மா நிற்கிறாள். வெயில் உப்பில் பட்டுத் திருப்பி அடிக்கிற இடம் அது. கண் கூசுவது அங்கே தினசரி வேதனை. முதல் தடவை அந்த இடத்தில் புல்லாங்குழல் வந்தது. நாங்கள் எல்லோரும் புல்லாங்குழலைக் கேட்டோம். அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை.

இதை வெறும் உத்திப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பழகிய பாட்டு ஒன்று காதில் விழுந்தவுடன் நாம் நம்முடைய ஊருக்கு, நம்முடைய பதினேழு வயதுக்குப் போய்விடுகிறோம். நம் கண்ணில் வருகிற நீர் நமக்காக வருவது. அதை உப்பளத்துப் பெண்ணுக்காக வந்தது என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம், படம் எடுத்தவரும் நினைத்துக்கொள்கிறார். பாத்தியை மிதித்து மிதித்துக் காய்த்துப்போன கால்களுக்கு அதனால் எந்த மரியாதையும் கிடைத்துவிடவில்லை. அந்தக் கால்கள் நம் ஞாபகத்துக்குத் திரைச்சீலையாகப் பயன்பட்டன, அவ்வளவுதான்.

அப்படியானால் பிறர் செய்த இசையைப் படத்தில் வைக்கவே கூடாதா? அது தப்பான முடிவு. ஸ்டான்லி குப்ரிக் தம் '2001' (1968) படத்துக்காக அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே இருந்த இசைத்தட்டுகளையே வைத்துக்கொண்டார். நம்மிடையே அதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது: பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). அதன் பின்னணியில் ஒலிப்பது, தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணமாக இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பின் இசை. அதுவும் ஒருவகையில் ரசிகர் ஒருவர் தமக்குப் பிடித்ததை எடுத்து நம்மிடம் கொடுத்ததுதான். ஆனால் அங்கே வீடுதான் முதலில் நிற்கிறது. அஸ்திவாரம், செங்கல், கடன், மேஸ்திரி, அரைகுறைச் சுவரைத் தடவிப் பார்க்கிற சொக்கலிங்க பாகவதரின் கை, இவை எல்லாம் கண்ணுக்கு முன்னால் கனமாக இருக்கின்றன. இசை அந்தக் கனத்தைத் தூக்க வரவில்லை. பக்கத்தில் கூட நடக்கிறது. பாட்டாக இல்லாமல் சொற்களற்ற இசையாக இருந்ததும் ஒரு காரணம். சொல் இருந்தால் அது கதை சொல்ல ஆரம்பித்துவிடும்.

சொல்லுள்ள பாட்டையே ஆண்டுகொண்ட படம் '96' (2018). அதில் பழைய பாட்டுகள் பாத்திரங்களின் சொத்து. 'தளபதி' (1991) படத்து யமுனைப் பாட்டை ராம் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்கிறான். ஜானு பாடாமலே தட்டிக்கழிக்கிறாள். கடைசியில் மின்சாரம் போன இருட்டில், வாத்தியம் எதுவும் இல்லாமல் அவள் பாடத் தொடங்கும்போது அவன் தடுமாறி ஓடி வருகிறான். நமக்கும் அந்தப் பாட்டு தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் நம் ஞாபகம் பின்னால் போய், அவன் காத்திருந்த வருஷங்கள் முன்னால் வந்துவிடுகின்றன. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) படத்தில் 'குணா' (1991) பாட்டு வேலை செய்ததும் இப்படித்தான். அந்தக் குகையைத் தேடிப்போகும் இளைஞர்களை 'குணா' ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பாட்டு சம்பந்தமாக இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நியாயம் எவர் பக்கம் என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். இரவல் பாட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு என்பதைப் புதிதாகப் படம் எடுப்பவர்கள் நினைவில் வைப்பது நல்லது.

இன்னொரு வழியும் இருக்கிறது. 'அந்த நாள்' (1954) படத்தில் பாட்டே கிடையாது. அதை இயக்கிய எஸ். பாலசந்தர் சங்கீதம் தெரியாதவர் அல்லர், வீணை வித்துவான். இசையின் பலம் எவ்வளவு என்று அறிந்தவர்தாம் அதை விலக்கவும் துணிந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டுக்குப் பயந்து வாழ்ந்த தமிழ் சினிமாவில் அது பெரிய தைரியம்.

ஆகவே இடையஞ்சாவடி நண்பர்களுக்கும், அவர்களைப் போல் ஊர் ஊராகப் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். பட்டியல் போடுங்கள், பாட்டை அனுப்பிக்கொள்ளுங்கள், அந்த ஆசை வற்றினால் கலையும் வற்றிவிடும். ஆனால் படத்தை முதலில் ஊமையாகப் போட்டுப் பாருங்கள். ஊமைப் படத்தில் எந்த முகம் உங்களை நிறுத்துகிறதோ அங்கே பாட்டு வேண்டாம். பலகை உப்பில் உரசும் ஓசை அங்கே இருக்கிறது, கடற்காற்று இருக்கிறது. பாட்டு வேண்டுமென்றால் அந்தப் பெண்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டுப் பார்க்கலாம். உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றை அவர்கள் சொல்லக்கூடும். அதை அவர்கள் வாயாலேயே, சுருதி பிசகினாலும், நாங்கள் கேட்கத் தயாராக இருக்கிறோம்.