பழைய முகம் கொண்ட புதிய பாட்டுப் பெட்டி

அண்மைக் காலமாக நம் வீட்டுக் கூடங்களில் ஒரு புதிய பொருள் இடம்பிடித்து வருகிறது. பார்வைக்கு அது 1960-களின் டிரான்சிஸ்டர் வானொலியைப் போலிருக்கும். அல்லது அதற்கும் முந்திய வால்வு ரேடியோவைப் போலிருக்கும். மர நிறம், பித்தளை நிறத் திருகுகள், முன்புறம் துளையிட்ட தகடு. சிலவற்றின் மேல்மூடியைத் திறந்தால் இசைத்தட்டு சுழலும் மேடையும் உண்டு. உள்ளே இருப்பவையோ நினைவகச் சில்லு, புளூடூத், பண்பலை வானொலி, யு.எஸ்.பி. துளை ஆகியவை. திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியில் நான் குடியிருக்கும் தெருவில் மட்டும் நான்கைந்து வீடுகளில் இவை பாடுகின்றன. பெரும்பாலும் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கித் தந்தவை.

"பழைய ரேடியோவின் அதே இனிமை" என்பது இவற்றின் விளம்பர வாசகம். இது எவ்வளவு தூரம் உண்மை? நம் பணத்துக்கு ஏற்ற பொருள்தானா? இயற்பியலைத் துணைக்கு வைத்துக்கொண்டு சற்று ஆராய்வோம்.

புதுமை எதில்?

பல கருவிகளை ஒரே பெட்டியில் அடைப்பது புதிய எண்ணமன்று. வானொலியையும் இசைத்தட்டுக் கருவியையும் ஒரே மர அலமாரியில் அமைத்த 'ரேடியோகிராம்' 1950, 60-களில் வசதி படைத்த வீடுகளில் இருந்தது. 1980-களில் வானொலியும் கேசட்டும் இணைந்த 'டூ-இன்-ஒன்' வந்தது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் கையில் அது தவறாமல் இருந்தது.

இன்றைய அலையைத் தொடங்கி வைத்ததில் 'கார்வான்' பெட்டிக்குப் பெரும்பங்கு உண்டு. எச்.எம்.வி. இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்த கிராமஃபோன் கம்பெனி, 2000-இல் 'சரிகம' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்நிறுவனம் 2017-இல் 5,000 பழைய இந்திப் பாடல்களை உள்ளடக்கி இப்பெட்டியை வெளியிட்டது. பின்னர் தமிழ்ப் பாடல்களைக் கொண்ட பெட்டியும் வந்தது. வெற்றியைக் கண்டு வேறு பலரும் தங்கள் பெட்டிகளுக்குப் பழைய முகத்தை மாட்டத் தொடங்கினர்.

5,000 பாடல்கள் என்றால் எவ்வளவு? பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாடல் ஒன்று அடங்கும். ஆகவே 2,500 தட்டுகள் தேவை. ஒரு தட்டு சுமார் 200 கிராம் எனக் கொண்டால் மொத்த எடை 500 கிலோ! ஒரு மாட்டு வண்டிச் சுமையை நகத்தளவு சில்லில் அடக்கியிருக்கிறார்கள். இந்தப் பெட்டியின் உண்மையான வியப்பு இதுதான். விளம்பரம் இதைவிட மரத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

பழைய ஒலிதானா?

பழைய வால்வு ரேடியோவில் பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் அளவுள்ள ஒலிபெருக்கிக் கூம்பு இருந்தது. அதனைச் சுற்றிப் பெரிய மரப்பெட்டி. எனவே தாழ்ந்த சுரங்கள் நிறைவாகக் கேட்டன. ஆனால் மத்திய அலை ஒலிபரப்பில் நிலையங்களுக்கிடையே உள்ள இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. இதனால் ஏறத்தாழ 4,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் நம் காதுக்கு வந்து சேர்வதில்லை. ஜாலராவின் கூர்மையும் வயலின் வில்லின் உரசலும் மழுங்கிவிடும். நாம் 'இனிமை', 'கதகதப்பு' என்றெல்லாம் சொல்லிவந்தது பெரும்பாலும் இந்த மழுங்கலைத்தான்.

புதிய பெட்டியில் நிலைமை நேர்மாறானது. சில்லில் உள்ள பாடலில் உயர்ந்த அதிர்வெண்கள் உண்டு. ஆனால் கூம்பு சிறியது. பலவற்றில் 5 சென்டிமீட்டர் அளவே இருக்கும். 20 சென்டிமீட்டர் கூம்போடு ஒப்பிட்டால் விட்டம் நான்கில் ஒரு பங்கு. பரப்போ பதினாறில் ஒரு பங்கு. அதே அளவு காற்றைத் தள்ள வேண்டுமானால் சிறிய கூம்பு பதினாறு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். பெரிய கூம்பு அரை மில்லிமீட்டர் நகரும் இடத்தில் சிறியது 8 மில்லிமீட்டர் நகர வேண்டும்! அது இயலாது. மேலும், அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே உரப்பைப் பெறக் கூம்பின் நகர்ச்சி நான்கு மடங்காக வேண்டும். ஆகவே தாழ்ந்த சுரங்கள்தாம் முதலில் பலியாகின்றன.

அப்படியானால் டி.எம். சௌந்தரராஜனின் கம்பீரக் குரல் இப்பெட்டியிலும் கம்பீரமாகவே ஒலிக்கிறதே, எப்படி? இங்கு நம் செவி நமக்கு உதவுகிறது. ஓர் ஆணின் பேச்சுக் குரலில் அடிப்படை அதிர்வெண் சுமார் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். சாதாரணத் தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பியதில்லை. ஆயினும் தொலைபேசியில் அப்பாவின் குரல் நமக்கு அப்பாவின் குரலாகவே கேட்டது. மேற்சுரங்களின் ஒழுங்கைக் கொண்டு, இல்லாத அடிப்படைச் சுரத்தை நம் மூளை கற்பித்துக் கொள்கிறது.

தம்புராவும் இவ்வாறு தப்பிவிடுகிறது. அதன் நாதம் மேற்சுரங்களால் ஆனது. இந்திய நரம்புக் கருவிகளின் இத்தகைய தன்மையைச் சர் சி.வி. ராமன் 1921-இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆனால் மிருதங்கம் அகப்பட்டுக் கொள்கிறது. வலந்தலையின் கணீரென்ற ஒலி கேட்கும். தொப்பியின் 'தொம்' மெலிந்து அட்டைப் பெட்டியைத் தட்டியது போலாகிவிடும். அண்டை வீட்டுப் பெட்டி ஒன்றைக் கைபேசியின் ஒலி உண்டாக்கும் செயலியால் சோதித்தபோது, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி விரைவாகத் தேய்ந்ததைக் காதாலேயே உணர முடிந்தது. நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஆக, பழைய ரேடியோவில் தாழ்சுரம் இருந்தது, உயர்சுரம் இல்லை; புதிய பெட்டியில் உயர்சுரம் இருக்கிறது, தாழ்சுரம் இல்லை. முகம்தான் ஒன்று, குரல் வேறு.

வாட்டும் ஸ்டீரியோவும்

"20 வாட்", "40 வாட்" என்ற எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். ஒலி இரு மடங்கு உரப்பாகத் தோன்ற வேண்டுமானால் திறன் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். 4 வாட் பெட்டியும் 8 வாட் பெட்டியும் காதுக்குச் சிறிதளவே வேறுபடும். மூன்று நான்கு வாட்டில் இயங்கிய வால்வு ரேடியோ ஒரு கூடத்தையே நிரப்பியது. காரணம் கூம்பின் பரப்பு.

ஸ்டீரியோ என்பதும் அப்படியே. இரண்டு ஒலிபெருக்கிகளும் நம் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைந்தால், அதாவது 60 பாகைக் கோணம் இருந்தால், ஸ்டீரியோ நன்கு விளங்கும். பெட்டியில் இரு கூம்புகளும் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்தால் கோணம் 6 பாகை கூட இல்லை. ஆனால் இது பெரிய குறையன்று. 1970-களின் நடுப்பகுதி வரை வந்த தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில் பதிவானவையே. இல்லாத ஸ்டீரியோவுக்காகக் கூடுதல் விலை கொடுக்காமல் இருந்தால் போதும்.

திருகு சொல்லும் பொய்யும் மெய்யும்

பழைய ரேடியோவின் திருகைத் திருப்பினால் உள்ளே மின்தேக்கியின் தகடுகள் ஒன்றோடொன்று நுழைந்து விலகும். ஒத்ததிர்வு அதிர்வெண் மாறும். நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். புதிய பெட்டியின் திருகு வெறும் சுழல் பொத்தான். அதனைப் போலி எனலாமா?

நான் அப்படிச் சொல்லமாட்டேன். கண் மங்கிய, விரல் நடுங்கும் எழுபது வயதினருக்குக் கைபேசித் திரை ஒரு தண்டனை. பெரிய திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் தமக்குப் பிடித்த பாடகர் வந்துவிடுகிறார் என்பது அவர்களுக்குப் பெரிய விடுதலை. பிறரை எதிர்பாராமல் தாமே பாட்டுக் கேட்கிறார்கள். இந்தப் பெட்டியைப் பாராட்ட எனக்குக் கிடைத்த வலுவான காரணம் இதுதான்.

வானொலிப் பகுதியில் மட்டும் ஓர் எச்சரிக்கை. பல பெட்டிகளில் பண்பலை மட்டுமே உண்டு. சென்னை 'ஏ' நிலையம் பல ஆண்டுகள் ஒலித்த 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையின் நீளம் சுமார் 417 மீட்டர். அத்தகைய அலை குன்றுகளைச் சுற்றி வளைந்து வரும். பண்பலையின் அலைநீளமோ 3 மீட்டர். அது பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வது. எங்கள் பகுதி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயர்ந்த அண்ணாமலையின் தென்பாதத்தில் இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் பண்பலைக்கு மலையே திரை. இப்படிப்பட்ட இடங்களில் இருப்பவர்கள் வாங்குமுன் தங்கள் வீட்டிலேயே இயக்கிப் பார்க்க வேண்டும்.

தாத்தாவின் இசைத்தட்டுகளைக் காப்பாற்றுங்கள்

இக்கட்டுரையில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதனைத்தான். தட்டு மேடை உள்ள பெட்டியில் 33⅓, 45, 78 என்று மூன்று வேகங்கள் இருக்கும். இதைப் பார்த்ததும் பரணிலுள்ள பழைய அரக்குத் தட்டுகளை இறக்கி வைக்கத் தோன்றும். பொறுங்கள்!

78 சுற்றுத் தட்டின் வரிப்பள்ளம் அகலமானது. அதற்கு ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஊசிமுனை தேவை. நெடுநேரத் தட்டுக்கு உரிய ஊசிமுனையின் ஆரம் சுமார் 0.018 மில்லிமீட்டர். பல பெட்டிகளில் வேகம் மூன்று. ஊசி ஒன்றே, அதுவும் நெடுநேரத் தட்டுக்கு உரியது. அது அகன்ற பள்ளத்தின் சுவர்களைத் தொடாமல் அடியில் கிடந்து, அங்குள்ள தூசியையும் கீறலையும் படிக்கிறது. பாட்டைவிட இரைச்சலே மிகுதியாகக் கேட்கும். "தட்டு கெட்டுவிட்டது" என்று அதைத் தூக்கி எறிந்துவிடுவோர் உண்டு. கெட்டது தட்டன்று, ஊசியின் பொருத்தம்.

நெடுநேரத் தட்டுகளுக்கும் ஆபத்து உண்டு. நல்ல கருவியில் ஊசி சுமார் 2 கிராம் எடையளவு அழுத்தும். மலிவான பெட்டிகளில் இது 5 கிராமை எட்டும். ஊசி தட்டைத் தொடும் பரப்பு மிக நுண்ணியது என்பதால், 2 கிராமே ஆயிரக்கணக்கான வளிமண்டல அழுத்தமாகிறது. எடை கூடக்கூடத் தேய்மானம் விரைகிறது. ஒரு குடும்பத்தில் மட்டுமே எஞ்சியிருக்கும் நாடகப் பாட்டையோ நாதசுவரப் பதிவையோ இப்படி உழுதுவிட்டால் திரும்பப் பெற முடியாது. அத்தகைய தட்டுகளைத் தக்க ஊசி உள்ளவரிடம் ஒருமுறை கொடுத்துக் கணினியில் பதிவு செய்துகொண்டு, பிறகு பதிவையே கேளுங்கள்.

இறுதியாக எடை போட்டால்

பெட்டியில் உள்ள பாடல்கள் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்து வருபவை. பிறரிடம் உரிமை உள்ள பாடல் எவ்வளவு புகழ்பெற்றதாயினும் இராது. பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். மின்கலத்தையும் கவனியுங்கள். லித்தியம் மின்கலம் சில நூறு முறை மின்னேற்றியபின் வலுவிழக்கும். அதைக் கழற்றி மாற்ற வழியில்லாத பெட்டி, பாடல்கள் அத்தனையும் நலமாக இருக்கும்போதே குப்பைக்குப் போகும். பழைய ரேடியோவை முப்பது ஆண்டுகள் வாழ வைத்தது மரமன்று. தெருமுனையில் பற்றாசுக் கோலோடு உட்கார்ந்திருந்த பழுதுபார்ப்பவர். அவர் திறக்கக்கூடிய திருகாணி இந்தப் பெட்டியில் இருக்கிறதா என்று பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.

முதியவர் ஒருவர் தனியே பாட்டுக் கேட்க வேண்டுமா? தட்டு மேடை இல்லாத, பெரிய திருகு உள்ள, மின்கலம் மாற்றக்கூடிய எளிய பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். கடையில் திரைப்பாட்டோடு நிறுத்தாமல் ஒரு தனி ஆவர்த்தனத்தையும் போடச் சொல்லுங்கள். தொப்பியின் 'தொம்' எந்தப் பெட்டியில் நன்றாகக் கேட்கிறதோ, அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். மரநிறம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை.