உருவமும் பொருளும்: ஹாஸ்கெல் மொழியின் ‘வருவித்தல்’ பற்றிய ஒரு நோக்கு

இலக்கியத் திறனாய்வில் உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதம் ஈழத்துத் தமிழ் வாசகர்க்குப் புதியதன்று. அதே விவாதம் கணினிச் செய்நிரலாக்கத்திலும் எழுகின்றது. சார்புச் செய்நிரலாக்க மொழியாகிய ஹாஸ்கெலைக் கொண்டு இதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1974இல் பார்பரா லிஸ்கோவும் ஸ்டீபன் ஸில்ஸும் அருவத் தரவு வகை என்னும் கருத்தை முன்வைத்தனர். ஒரு வகையை அதன்மீது நிகழ்த்தத்தகும் செயல்களைக் கொண்டே அறிதல் வேண்டும். அதன் உள்ளமைப்பு பயன்படுத்துவோர்க்கு மறைந்திருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். 1989இல் பிலிப் வாட்லரும் ஸ்டீபன் பிளொட்டும் வகை வகுப்பு என்பதை முன்மொழிந்தனர். சமம் காணல், வரிசை காணல் போன்ற செயல்கள் ஒரு குறிப்பிட்ட வகையில் எவ்வாறு நிகழும் என்பதை, அவ்வகைக்குரிய ‘நிகழ்வுரு’ கூறும். 1990இல் வெளிவந்த ஹாஸ்கெல் அறிக்கையோ இன்னும் ஒருபடி சென்றது. ‘டிரைவிங்’ என்னும் ஒரு சொல்லை எழுதினால் போதும். தொகுப்பியே வகையின் அமைப்பை நோக்கி நிகழ்வுருவை இயற்றிவிடும். இதனையே ஈண்டு வருவித்தல் என்கிறோம்.

வருவித்தலால் உழைப்பு மிஞ்சுகின்றது, கைப்பிழையும் நேர்வதில்லை. ஆயினும் தொகுப்பி அறிந்தது உருவத்தை மட்டுமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

தமிழ்ச் சொல்லை ஓர் அருவத் தரவு வகையாகக் கொள்வோம். உள்ளே அது யூனிகோட் குறியெண்களின் நிரல். ‘பொத்துவில்’ என்னும் ஊர்ப்பெயரின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரு குறியெண்களாலும் எழுதலாம். யூனிகோட் நெறிப்படி இரண்டும் ஒன்றே, கண்ணுக்கும் ஒன்றே. வருவித்த சமமோ இவ்விரண்டும் வேறு எனத் தீர்ப்பளிக்கும். இடாப்பில் தன் பெயரைத் தேடி ‘இல்லை’ என்ற விடையைப் பெறும் மாணவனுக்கு இது வெறும் தத்துவச் சிக்கலன்று.

வரிசையிலும் இதே நிலைதான். குறியெண் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்துப் பகரத்துக்கு முன் நிற்கின்றது. எனவே கல்முனைப் பாடசாலை ஒன்றின் இடாப்பில் ‘அன்வர்’ முந்த, ‘அப்துல்’ பிந்தும்; னகரத்தை மெய்களின் ஈற்றில் வைக்கும் தமிழ் மரபோ இதற்கு மாறானது. புள்ளி உயிர்க்குறிகளின் பின் வருவதால், அகராதியில் ‘கல்முனை’க்குப் பின் வரவேண்டிய ‘கலை’ முன்னே சென்றுவிடும். ஜமீல், ஹனீபா முதலிய பெயர்கள் நிறைந்த இக்கரையோர ஊர்களில் ஜகரத்துக்கும் ஹகரத்துக்கும் உரிய இடம் யாது என்பதும் வினாவாகும். அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் தமிழறிந்தோர். குறியெண் அட்டவணை அன்று.

இப்பிழை அட்டவணையினுடையதா? அன்று. குறியெண் வரிசையை அகராதி வரிசையாகக் கொள்ளுமாறு யூனிகோட் கூறவில்லை. வரிசைப்படுத்தலுக்கெனத் தனிநெறியே வகுத்துள்ளது. உருவத்தைப் பொருளாக மயங்கிய ஆசிரியனே பிழை செய்தவன். ஆனால் மொழியும் முற்றாகக் குற்றமற்றதன்று. பொருளுக்கு முரணான வருவித்தலையும் அது மௌனமாக ஏற்கின்றது. மேலும், வகையின் ஆக்கிகளை வெளியார்க்கு மறைக்கலாம். நிகழ்வுருக்களை மறைத்தல் இயலாது. ஆக, வாயிலில் பூட்டிய உள்ளமைப்பு, வருவித்த நிகழ்வுரு வழியே வெளியே கசிகின்றது.

இதனை உணர்ந்தோரின் வழி முன்மாதிரியாக உள்ளது. ஹாஸ்கெலின் ‘கன்டெய்னர்ஸ்’ நூலகத்தில் கணிதத் தொடை மரவடிவில் அமைந்துள்ளது. ஒரே தொடை வெவ்வேறு மரங்களாக வளரக்கூடும். ஆதலால் அதன் ஆசிரியர்கள் சமத்தை வருவிக்காது, மூலகங்களை ஏறுவரிசையில் ஒப்பிடுமாறு கையால் எழுதினர்.

மற்றொரு வழியும் உண்டு. உயிர்களையும் மெய்களையும் தமிழ் நெடுங்கணக்கின் ஒழுங்கிலேயே ஆக்கிகளாக அறிவித்து, உயிரற்ற நிலையை அகரத்துக்கு முன் வைத்து, சொல்லை எழுத்துகளின் நிரலாக அமைத்தால், வருவித்த சமமும் வரிசையும் தாமே செம்மையுறும். அங்கே உருவம் பொருளுக்கு இசைந்து நிற்கின்றது. வருவித்தல் தீதன்று, பொருளை ஆராயுமுன் வருவிப்பதே தீது. உருவத்தைத் தெரிவு செய்யும் பொறுப்பை எத்தொகுப்பியும் நம்மிடமிருந்து ஏற்றுக்கொள்ளப் போவதில்லை.