கழி பெரிசு, ஓதம் சிறிசு

இந்தியாவின் ஓத மின்சாரத் திறன் சுமார் 12,455 மெகாவாட் என்கிறது மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம். எங்கே? காம்பத், கட்ச் வளைகுடாக்கள், கூடவே பெரிய உப்பங்கழிகள். என் விமர்சனம் அந்தக் கடைசிச் சொல் மேலதான்.

அதை நம்பிக் கோவளத்துக்கு வாங்க. பக்கத்திலேயே முட்டுக்காடு முகத்துவாரம். பார்த்தா டர்பைன் வைக்கத் தோணும். ஆனா இங்கே ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். காம்பத்தில் 11 மீட்டர் வரை. தடுப்பணையில் தேக்கிக் கிடைக்கும் ஆற்றல் அந்த உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது, அதே பரப்பில் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அணை வேண்டாம், ஓடுற தண்ணியிலேயே டர்பைன் இறக்கலாம்னா, அங்கே வேகத்தின் மும்மடிக் கணக்கு. விநாடிக்கு 2 மீட்டர் ஓட்டத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 4 கிலோவாட். 1 மீட்டர் ஓட்டத்தில் வெறும் அரை கிலோவாட். டர்பைன் அதில் பாதியைக்கூட எடுக்காது.

போதாததுக்கு, வறண்ட மாதங்களில் மணல்திட்டு முகத்துவாரத்தையே அடைச்சிடும். அது திறந்திருந்தால்தான் இறாலும் மீனும் உள்ளே வரும், கழியை நம்பி இருக்கிறவங்க பிழைப்பும் ஓடும். அங்கே அணைன்னா, கிடைக்கிற சொற்ப மின்சாரத்துக்கு விலை கொடுக்கிறது அவங்கதான்.

பரப்பை மட்டும் பார்த்து இடம் குறிக்கக் கூடாது. ஒவ்வொரு கழிக்கும் ஓத உயரம், ஓட்ட வேகம், வாய் திறந்திருக்கும் நாட்கள் மூன்றையும் சேர்த்துப் பட்டியல் போடட்டும். அப்புறம் மெகாவாட் பேசலாம்.