டீயில் மேல், புல்லில் கீழ்

கோல்ஃப் பயிற்றுநர்கள் இன்று இரண்டு கட்டளைகளை ஒரே மூச்சில் சொல்கிறார்கள். டீயில் நிற்கும் பந்தை டிரைவரால் மேல்நோக்கி அடி. புல்லில் கிடக்கும் பந்தை அயர்னால் கீழ்நோக்கி அடி. இரண்டுக்கும் ஆதாரமாகக் காட்டப்படுவது தாக்குகோணம். பந்து நசுங்கும் கணத்தில் கிளப்பின் தலை மேலேறிக்கொண்டிருக்கிறதா, கீழிறங்கிக்கொண்டிருக்கிறதா, எத்தனை டிகிரி என்பதைச் சொல்லும் எண் அது. ஏறினால் கூட்டல் குறி, இறங்கினால் கழித்தல். வாரக்கடைசியில் மட்டும் ஆடுகிற ஒருவர் ஒரு தலைமுறைக்கு முன் இப்படியொரு எண்ணைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். டென்மார்க்கில் 2003இல் தொடங்கிய ட்ராக்மேன் நிறுவனத்தின் ராடார் பெட்டி பயிற்சித் திடல்களுக்கு வந்த பிறகு, ரத்த அழுத்தம்போல் எல்லோரும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் எண்ணாகிவிட்டது.

இந்த எண்ணைத் திருத்தினால் ஆட்டம் எவ்வளவு திருந்தும் என்பதுதான் கேள்வி. விற்பனைக்காரர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை என்பது என் கருத்து. அதே சமயம், எல்லாம் வெறும் கருவி மோகம் என்று பழைய ஆட்டக்காரர்கள் கைகழுவுவதையும் ஏற்க முடியவில்லை.

முதலில் டிரைவர். மேல்நோக்கி அடிக்கச் சொல்பவர்களின் இயற்பியல் சரியானது. கிளப் முகம் சாய்ந்திருக்கும் கோணத்துக்கும் கிளப் தலை பயணம் செய்யும் கோணத்துக்கும் இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நேராக அடி விழும். பந்துக்கு வேகம் கூடும், பின்சுழற்சி குறையும். டிரைவர் அடியில் பந்து உயர எழவும் வேண்டும், அதிகம் சுழலவும் கூடாது. கிளப் இறங்கிக்கொண்டிருக்கையில் இந்த இரண்டும் ஒருசேரக் கிடைப்பது கடினம். ஏறிக்கொண்டிருக்கையில் எளிது. ட்ராக்மேன் வெளியிட்ட அட்டவணைகளின்படி, மணிக்கு 90 மைல் வேகத்தில் கிளப்பைச் சுழற்றுபவர் 5 டிகிரி கீழ்நோக்கி அடிப்பதை விட்டு 5 டிகிரி மேல்நோக்கி அடித்தால் பந்து ஏறத்தாழ 20 கஜம் கூடுதலாகப் பறக்கும்.

இந்தக் கட்சி அடிக்கடி முன்வைக்கும் இன்னொரு சான்று பெண் தொழில்முறை ஆட்டக்காரர்கள். பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் ட்ராக்மேன் சராசரிகளில், எல்பிஜிஏ தொடரில் ஆடும் பெண்களின் டிரைவர் வேகம் 94 மைல், தாக்குகோணம் கூட்டல் 3, பந்து பறக்கும் தூரம் 218 கஜம். சராசரி ஆண் அமெச்சூரின் வேகம் 93.4 மைல், கோணம் கழித்தல் 1.6, தூரம் 204 கஜம். வேகம் ஒன்று, தூரத்தில் 14 கஜம் வித்தியாசம். கோணத்தைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும் என்று கேட்கிறார்கள்.

இன்னொரு காரணம் அதே அட்டவணையின் அடுத்த பத்தியிலேயே இருக்கிறது. பெண்கள் அடித்த பந்து கிளப்பை விட்டு 140 மைல் வேகத்தில் கிளம்புகிறது. அமெச்சூருடையது 132.6 மைல். பந்துவேகம் ஒரு மைல் கூடினால் தூரம் சுமார் 2 கஜம் கூடும் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட வாய்ப்பாடு. அதன்படி பார்த்தால் அந்த 14 கஜத்தையும் பந்துவேகமே விழுங்கிவிடுகிறது. இந்த வேக இழப்பில் ஒரு பகுதிக்குக் கோணம் பொறுப்பு, மறுக்கவில்லை. கீழ்நோக்கி அடிப்பதால் அடி சற்றுச் சாய்வாக விழுகிறது. நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கில் இது 3 மைல் அளவுக்கு வருகிறது. மீதி 4 மைல் போனது அமெச்சூரின் பந்து கிளப் முகத்தின் நடுவில் படாததால். ஆகவே தொழில்முறைப் பெண்களின் மேன்மையில் கோணத்துக்குச் சேரவேண்டியது ஏறத்தாழப் பாதி. தாராளமாகக் கொடுத்தாலும் 10 கஜத்தைத் தாண்டாது. 20 கஜம் காட்டும் அட்டவணை நடுமுகத்தில் பட்ட அடியையும், ஒவ்வொரு கோணத்துக்கும் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்த லாஃப்டையும் (கிளப் முகத்தின் சாய்வையும்) வைத்துப் போடப்பட்டது. நம் பையில் இருப்பது ஒரே டிரைவர்.

டீயின் உயரமும் இங்கே குழப்பத்தைக் கூட்டுகிறது. மேல்நோக்கி அடிக்கக் கற்பவரிடம் டீயை உயர்த்தச் சொல்வார்கள். டீ உயர்ந்தால் பந்து முகத்தின் மேற்பகுதியில் படும். அங்கே பட்ட பந்து, டிரைவர் முகத்தின் வளைவாலும் கியர் விளைவாலும் (நடுவை விட்டுப் படும்போது கிளப் தலை திரும்பிப் பந்தின் சுழற்சியை மாற்றுவது), கோணம் மாறாவிட்டாலும்கூட உயர எழும், குறைவாகச் சுழலும். பத்து கஜம் கூடியதும் ஆட்டக்காரர் கோணத்துக்கு நன்றி சொல்கிறார். பெருமை டீக்குரியதாகவும் இருக்கலாம். முகத்தில் பவுடர் ஸ்ப்ரே அடித்து, பந்து எங்கே தடம் பதிக்கிறது என்று பார்க்காமல் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

தூரத்தைவிடப் பெரிய சிக்கல் திசை. கிளப் சாய்ந்த தளத்தில் சுழல்வதால் மேல்-கீழ் அசைவும் இட-வல அசைவும் ஒட்டிப் பிறந்தவை. 1994இல் வெளிவந்த தியடோர் ஜோர்கென்சனின் ‘தி பிசிக்ஸ் ஆஃப் கோல்ஃப்’ இந்த வடிவியலை விளக்கிய நூல்களில் முக்கியமானது. வலக்கை ஆட்டக்காரர் கீழ்நோக்கி அடித்தால் கிளப்பின் பாதை வலப்பக்கம் சாயும். மேல்நோக்கி அடித்தால் இடப்பக்கம் சாயும். டிரைவர் தளத்தின் சாய்வு 45 டிகிரியையொட்டி இருப்பதால், கோணத்தில் ஒரு டிகிரி மாறினால் பாதையிலும் ஏறத்தாழ ஒரு டிகிரி மாறிவிடுகிறது.

இனி ஸ்லைஸ் அடிப்பவரை, அதாவது பந்து வலப்பக்கம் வளைந்துபோகும்படி அடிப்பவரை, எடுத்துக்கொள்வோம். அமெச்சூர்களில் பெரும்பாலோர் அவர்தான். அவருடைய சுழற்சி வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு 5 டிகிரி இடப்பக்கம் போகிறது என்று வைப்போம். 3 டிகிரி கீழ்நோக்கி அடித்துக்கொண்டிருந்தவரை, அந்தக் கீழிறக்கமே ஓரளவு காப்பாற்றியது. பாதை உண்மையில் 2 டிகிரிதான் இடப்பக்கம் போனது. இப்போது அவர் காணொளி பார்த்து, பந்தை முன்னே தள்ளி வைத்து, 3 டிகிரி மேல்நோக்கி அடிக்கக் கற்கிறார். சுழற்சியின் திசை மாறவில்லை. பாதை 8 டிகிரி இடப்பக்கம் போகிறது. முகம் பழையபடியே இருந்தால் ஃபேர்வேயின் வல ஓரத்தில் விழுந்த பந்து இனி அடுத்த ஹோலின் ஃபேர்வேயில் விழும். திருத்தம் வெற்றி, பந்து தொலைந்தது. கோணத்தை மட்டும் தனியே பிடித்துத் திருத்தச் சொல்லும் அறிவுரையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். ட்ராக்மேன் வழிவந்த நல்ல பயிற்றுநர்கள் இதை அறிவார்கள், சுழற்சித் திசையை வலப்பக்கம் திருப்பிய பிறகே மேல்நோக்கிப் போகச் சொல்வார்கள். ஒன்றரை நிமிடக் காணொளியில் அந்த முதல் பாதிக்கு இடம் கிடைப்பதில்லை.

திருத்தும் வழிகளையும் எடைபோட வேண்டும். பந்தை முன்கால் குதிகாலுக்கு நேரே நகர்த்தினால் போதும் என்பது எளிய வைத்தியம். கிளப் தலை ஏறத்தாழ 1.7 மீட்டர் ஆரத்தில் சுழல்கிறது என்று கொண்டால், டிரைவரில் ஒரு டிகிரி மாற்றத்துக்குப் பந்தை 4 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு பந்தின் விட்டம் அளவுக்கு, நகர்த்த வேண்டும். கழித்தல் 1.6இலிருந்து கூட்டல் 3க்குப் போக 18 சென்டிமீட்டருக்கு மேல் தேவை. அவ்வளவு இடம் பந்துக்கும் முன்காலுக்கும் இடையே இல்லை. பென் ஹோகன் 1957இல் எழுதிய ‘ஃபைவ் லெசன்ஸ்’ நூலில் எல்லாக் கிளப்புக்கும் பந்தை இடக் குதிகாலையொட்டி ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் வைக்கச் சொன்னார். மாற்றியது வலக்காலின் இடத்தை. பந்தின் இடத்தால் ஓரிரு டிகிரி வாங்கலாம். மீதியை உடல்தான் தரவேண்டும்: வலத்தோள் இடத்தோளைவிடத் தாழ, தலை பந்துக்குப் பின்னே தங்க, இடுப்பு மட்டும் முன்னே போக வேண்டும். இதைச் செய்யத் தெரியாதவர் செய்வது வேறு. முழு எடையையும் பின்காலில் வைத்துக்கொண்டு பந்தை அள்ளுகிறார். எண் கூட்டலுக்கு வந்துவிடும். அதோடு கிளப் பந்துக்கு முன்பே தரையைத் தொடும் பழக்கமும் வந்துவிடும். அடுத்த அடிக்கு அயர்ன் எடுக்கும்போது அது பழிவாங்கும்.

மேல்நோக்கி அடிக்காமலும் பிழைக்கலாம் என்பதற்குச் சாட்சி ஆண் தொழில்முறை ஆட்டக்காரர்கள். அதே பழைய சராசரிகளில் பிஜிஏ தொடர் ஆண்களின் டிரைவர் கோணம் கழித்தல் 1.3. அமெச்சூரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். 113 மைல் வேகம் இருப்பவருக்குத் தூரப் பற்றாக்குறை இல்லை. பாதையையும் முகத்தையும் அடக்கிவைக்க அவர் சில கஜங்களை விட்டுக்கொடுக்கிறார். ரோரி மெக்கில்ராய் போல மேல்நோக்கி அடித்தும் அடக்கிவைக்கத் தெரிந்தவர்கள் உண்டு. நீண்ட அடிப் போட்டிக்காரர்களை மட்டும் முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது. அவர்களுக்குப் பல பந்துகளில் ஒன்று கட்டத்துக்குள் விழுந்தால் போதும்.

அயர்னில் நிலைமை வேறு. இங்கே அறிவுரையின் நோக்கம் சரி, சொல்லப்படும் விதம் தவறு. ‘கீழ்நோக்கி அடி’ என்றதும் அமெச்சூர் தோளிலிருந்து கிளப்பைச் செங்குத்தாக இறக்கிக் கொத்துகிறார். தரையில் ஓர் ஆழமான குழி, மணிக்கட்டில் ஓர் அதிர்ச்சி. கூடுதலாகக் கீழே அடித்தால் கூடுதலாகப் பின்சுழற்சி வரும் என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. கோணம் கீழே போகும்போது முகத்தின் சாய்வும் பெரும்பாலும் கூடவே குறைகிறது. இடைவெளி மாறாததால் பின்சுழற்சியும் பெரிதாக மாறுவதில்லை, பந்து தாழ்வாகப் போகிறது, அவ்வளவே.

இங்கும் பெண்களின் எண்களே தெளிவு தருகின்றன. ஆண் தொழில்முறையாளர்கள் 7 அயர்னில் சராசரியாக 4.3 டிகிரி கீழ்நோக்கி அடிக்கிறார்கள். பெண்கள் 2.3 டிகிரிதான். இரு தரப்பினரும் பந்தை அற்புதமாகத் தொடுகிறார்கள். அப்படியானால் செங்குத்தாக இறங்குவதில் ரகசியம் இல்லை. இருவருக்கும் பொதுவானது, சுழற்சியின் தாழ்புள்ளி பந்தைத் தாண்டி முன்னே இருப்பது. ஆரத்தை ஒன்றரை மீட்டராகவும் தளத்தை 60 டிகிரியாகவும் வைத்துக் கணக்கிட்டால், ஆண்களின் தாழ்புள்ளி பந்துக்கு 13 சென்டிமீட்டர் முன்னே, பெண்களுடையது 7 சென்டிமீட்டர் முன்னே விழுகிறது. பந்தைத் தொட்ட பிறகு கிளப் இறங்கும் ஆழம் ஆண்களுக்கு 5 மில்லிமீட்டர், பெண்களுக்கு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. அமெச்சூர் தோண்டும் குழிகளின் ஆழத்தை நினைத்துப் பார்த்தால், கீழ்நோக்கி அடி என்ற சொல் எவ்வளவு பாழ் செய்திருக்கிறது என்பது விளங்கும். மைக் பென்னட், ஆண்டி ப்ளம்மர் இருவரும் 2007இல் பரப்பிய ‘ஸ்டாக் அண்ட் டில்ட்’ முறை எடையைத் தொடக்கத்திலிருந்தே முன்காலில் வைக்கச் சொல்லிப் பெரும் சச்சரவைக் கிளப்பியது. அந்த முறையின் மற்ற அம்சங்கள் எல்லோருக்கும் ஒத்துவராது. ஆனால் தாழ்புள்ளியை முன்னே கொண்டுபோவதே முதல் வேலை என்ற அவர்கள் தெளிவு மறுக்க முடியாதது.

தொடும் கணத்தில் கைகளால் ஏதாவது செய்து கோணத்தைச் சரிக்கட்டலாம் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. ஆலஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் 1968இல் வெளியிட்ட ‘தி சர்ச் ஃபார் தி பெர்ஃபெக்ட் ஸ்விங்’ ஆய்வு, பந்தும் கிளப்பும் தொட்டுக்கொண்டிருப்பது சுமார் அரை மில்லிசெகண்ட் மட்டுமே என்று காட்டியது. அதிர்வு கைக்கு எட்டும்போது பந்து போய்விட்டிருக்கும்.

பயிற்சிகளைப் பொறுத்தவரை மணலில் கோடு போட்டு, கோட்டுக்கு முன்னே மணலை எடுப்பதைவிட நல்லது எதுவும் இல்லை. காசும் ஆகாது. ரப்பர் பாய் பொய் சொல்லும்: பந்துக்குப் பின்னே தட்டிய கிளப் பாயில் வழுக்கிப் பந்தைச் சுத்தமாக அடித்ததுபோல் காட்டிவிடும். விலை குறைந்த கருவிகள் சில எண்களை அளக்கின்றன, சிலவற்றைக் கணிக்கின்றன. எது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு டிகிரிக்காக ஸ்விங்கை மாற்றுவது வீண்.

ஆகவே தீர்ப்பை இப்படிப் பிரித்துத்தான் சொல்ல முடியும். அயர்னில் தாக்குகோணம் குறிவைக்க வேண்டிய எண்ணே அல்ல. தாழ்புள்ளி பந்துக்கு முன்னே போனால் கோணம் தானே 2 முதல் 4 டிகிரிக்குள் வந்து நிற்கும், அதற்குள் எது என்பதை உடல்வாகு முடிவு செய்யட்டும். டிரைவரில் வேகம் 95 மைலுக்குக் கீழே, பந்து முகத்தின் நடுவில் படுகிறது, பாதை நேராகவோ சற்று வலப்பக்கமாகவோ போகிறது என்றால் கூட்டல் 2 அல்லது 3க்குப் போகலாம். பலன் 7, 8 கஜம். நடுவில் படாதவருக்கு அந்தப் பலனை டீயின் உயரமும் பவுடர் ஸ்ப்ரேயும் இன்னும் மலிவாகத் தரும். ஸ்லைஸ் அடிப்பவர் பாதையைத் திருத்தும்வரை இந்த எண்ணைத் தொடவே கூடாது. கருவித் திரையில் கழித்தல் குறி தெரிந்தால் தெரியட்டும், அவருக்கு இப்போது கிடைக்கிற ஃபேர்வேக்களில் பாதி அந்தக் குறியின் தயவால் கிடைப்பவை.