ஏலமலைக்கு ஏத்த போன்

ரெட்மி நோட் 4 பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், எனக்கு வாய் மூடாது. 2017 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த போன். ஆரம்ப விலை 9,999 ரூபாய்தான். முதல் விற்பனையில் பத்தே நிமிடத்தில் இரண்டரை லட்சம் போன் தீர்ந்ததாகச் சியோமி அறிவித்தது. நான் வாங்கியது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் உள்ள 12,999 ரூபாய் போன், கறுப்பு நிறம். இன்றைக்கும் என் சட்டைப் பையில் அதுதான். "இன்னுமா சித்தப்பா இந்த டப்பாவ வச்சிருக்கீங்க?" என்று அண்ணன் மகன் கேலி பண்ணுகிறான். பண்ணட்டும்.

எனக்கு வேலை ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுவது. விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறினால், கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கம் போய்ப் பொழுது சாயத்தான் இறங்குவோம். மலையில் ஒரு வளைவில் டவர் எடுக்கும், அடுத்த வளைவில் போய்விடும். டவரைத் தேடித் தேடியே போன் சார்ஜைக் குடித்துத் தீர்த்துவிடும். கூட வருகிறவர்களின் போன் பல நாள் மத்தியானச் சோற்றுக்கு முன்பே அணைந்துவிடும். என்னுடையது வீடு வந்து சேரும்வரை தாங்கும்.

4100 எம்ஏஎச் பேட்டரி பாதிக் காரணம். மீதிப் பெருமை ஸ்நாப்டிராகன் 625 சிப்புக்கு. முந்தைய நோட் 3-இல் இருந்த 650 சிப், வேகத்தில் இதைவிட ஒரு படி மேல்தான். ஆனால் அது 28 நானோமீட்டரில் செய்தது, இது 14. டிரான்சிஸ்டர் சிறுத்தால் மின்சாரம் கொஞ்சம் போதும், சூடும் ஏறாது. எட்டுக் கோரும் சிக்கனமான கார்டெக்ஸ் ஏ53 ரகம். நடுவில் பேட்டரி மட்டும் புதுசு போட்டேன். இத்தனை வருசம் ஓடினால் எந்தப் பேட்டரியும் தேயத்தானே செய்யும்!

அடுத்தது எஃப்எம். ஹெட்போன் வயர்தான் ஏரியல். வயரைச் சொருகி, ஜீப்பின் கூரைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்பீக்கரில் விட்டால் கோடைப் பண்பலை 100.5 கணீரென்று கேட்கும். கொடைக்கானல் உச்சியிலிருந்து வருகிற அலையாயிற்றே, பள்ளத்தாக்கு முழுக்கப் பாயும். நெட்டுக்குக் காசு செலவில்லை. காய் எடுக்கப் போகிற அக்காமார், "தம்பி, சத்தத்தக் கூட்டி வையி" என்பார்கள். இப்போது ஹெட்போன் துளையே இல்லாமல் போன் விற்கிறார்களே, அவர்களை ஒருநாள் எங்கள் ஜீப்பில் ஏற்ற வேண்டும்.

புற்றடியிலும் போடியிலும் ஏலக்காயின் மின்னணு ஏலம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் விலைப் பட்டியல் வரும். பொடிப்பொடி எண்களை இந்த 5.5 அங்குல ஃபுல் எச்டி திரையில் கண்ணாடி போடாமலே படிக்கிறேன். ஒரே மனக்குறை, இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே தட்டில் சண்டை போடுவது. தமிழக-கேரள எல்லையில் வேலை பார்க்கிறவனுக்கு இரண்டு சிம் கட்டாயம், அதனால் கார்டைத் துறந்தேன்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது, போனின் தலையில் இருக்கும் அந்தக் குட்டி அகச்சிவப்புக் கண். டிவி, செட்டாப் பாக்ஸ், ஏசி எல்லாவற்றுக்கும் இதுவே ரிமோட். சாயங்காலம் கம்பத்தில் வழக்கமான டீக்கடையில் நான் உட்கார்ந்ததும் மாஸ்டர் பாய்லரிலிருந்து திரும்பாமலே சொல்வார்: "அண்ணே, ரிமோட்டக் காணோம். அந்தச் சீரியல மாத்திவிட்டு நியூஸ் வைங்க."