ஐந்து மூக்குகள், ஒரு கோப்பை

ரசனை தனியாக வளராது என்பது என் உறுதியான எண்ணம். கச்சேரியில் பக்கத்து நாற்காலியில் தலையாட்ட ஒருவர் வேண்டும். சமையலுக்கு, ‘இதில் என்ன போட்டாய்?’ என்று கேட்க ஒருத்தி வேண்டும். மூக்கும் நாக்கும் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் துணை இன்னும் அவசியம். தோழிகள் நான்கைந்து பேர் சேர்ந்து, சாப்பாட்டுக்கும் ஒயினுக்கும் ஊர் பார்ப்பதற்கும் என்றே ஒரு சனி, ஞாயிறை ஒதுக்கிக்கொண்டு கிளம்புவதை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன். அந்தக் கலைக்கு நம் நாட்டில் வாய்த்த மிக நல்ல இடம் நாசிக்.

குடும்பத்தோடு போகும் பயணத்தில் பெண்ணின் கவனம் பாதி தண்ணீர் பாட்டிலில் இருக்கும், பாதி பிள்ளையின் வயிற்றில் இருக்கும். வீட்டில் அவள் ருசி பார்ப்பதெல்லாம் அடுப்பு முன் நின்றபடி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, உப்பு சரியா என்று அறிவதற்கு. தனக்காக உட்கார்ந்து, ஒரு வாயை நிதானமாக ருசித்து, அதைப் பற்றியே அரைமணி நேரம் பேச அவளுக்கு எங்கே நேரம்? தோழிகளோடு போகும்போது அந்தக் கவனம் முழுசாக அவள் கைக்கு வருகிறது. நாசிக் கேட்பதும் அதைத்தான்.

மும்பையிலிருந்து போவதானால் வெள்ளிக்கிழமை மாலை பஞ்சவடி எக்ஸ்பிரஸ். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் மும்பையில் இறங்கிச் சேர்ந்துகொள்ளலாம். காசாராவைத் தாண்டியதும் தூல் காட் ஏற்றம் தொடங்கும். முப்பத்தேழு அடிக்கு ஓர் அடி உயரும் பாதை அது. இகத்புரி வந்ததும் ஜன்னல் காற்று மாறிவிடும். நாசிக் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 600 மீட்டர். ஜனவரி, பிப்ரவரியில் பகலில் நல்ல வெயில் அடிக்கும், இரவில் சால்வை தேட வைக்கும். திராட்சைக்குப் பிடித்த வானிலை இது. பகல் வெயில் பழத்தில் இனிப்பை ஏற்றும், இரவுக் குளிர் புளிப்பை இறங்கவிடாமல் காக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒயினுக்கு உயிர்.

நாசிக்கில் சாப்பிடும் திராட்சை பல காலமாக விளைகிறது. ஒயின் அங்கே புதிது. கலிபோர்னியாவில் ஆரக்கிள் நிறுவன வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய ராஜீவ் சாமந்த், குடும்ப நிலத்தில் 1997இல் சாவிஞ்ஞோன் பிளாங்க், ஷெனன் பிளாங்க் கொடிகளை நட்டார். தாய் சுலபாவின் பெயரிலிருந்து ‘சூலா’ பிறந்தது. முதல் பாட்டில்கள் 2000இல் வந்தன. 2005இல் அங்கே ஒயின் ருசிக்கும் கூடம் திறந்தார்கள். இன்றைக்கு சூலா இருக்கும் கங்காபூர் அணைக்கட்டுப் பக்கமே யார்க் இருக்கிறது, சோமா இருக்கிறது. திண்டோரியில் ஷாந்தோன், இகத்புரி பக்கம் வாலோன். எல்லாவற்றையும் இரண்டு நாளில் சுற்றிவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். சனிக்கிழமை ஒன்று, மனமிருந்தால் மாலையில் இன்னொன்று. அதற்கு மேல் மூக்கு வேலை செய்யாது.

கூடத்துக்குள் போகும் முன் கொடிகளுக்கு நடுவில் நடந்துவிட்டு வாருங்கள். ஐரோப்பாவில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் தூங்கும், வசந்தத்தில் விழிக்கும். நம் மண்ணில் அதற்குத் தூக்கமே கிடையாது. விட்டால் வருஷத்துக்கு இரண்டு முறை காய்க்கும், இரண்டும் உருப்படாது. அதனால் நாசிக் விவசாயி கொடியை இரண்டு முறை வெட்டுகிறார். அறுவடை முடிந்து ஏப்ரல் வாக்கில் ஒரு வெட்டு, மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு வெட்டு. இரண்டாவது வெட்டுக்குப் பிறகு வரும் தளிரில்தான் பழம் எடுக்கிறார்கள். பிரான்சில் கொடி மொட்டையாகக் குளிரில் நிற்கும் மாதத்தில் இங்கே குலை பழுக்கிறது. ஒயினைப் பாராட்டுகிறவர்கள் அந்தக் கத்தரிக்கோலையும் சேர்த்துப் பாராட்ட வேண்டும்.

ருசிக்க உட்கார நல்ல நேரம் முற்பகல் பதினோரு மணி. மூக்கு அப்போதுதான் கூர்மையாக இருக்கும், சனிக்கிழமைக் கூட்டமும் வந்திருக்காது. சென்ட் போட வேண்டாம். தலையில் மல்லிகை வைக்கவே வேண்டாம்; ஒரு முழம் பூ போதும், அந்த மேஜையில் யாருக்கும் வேறு எந்த மணமும் எட்டாது. கோப்பையில் ஊற்றுவது இரண்டு மூன்று வாய்தான். காம்பைப் பிடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூட்டில் வெள்ளை ஒயின் கெடும். வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து நிறம் பாருங்கள். ஒரு சுழற்றுச் சுழற்றி, மூக்கைக் கோப்பைக்குள்ளேயே விடுங்கள். கூச்சமே வேண்டாம்.

முதலில் சாவிஞ்ஞோன் பிளாங்க் வரும். நாங்கள் ஐந்து பேர் போயிருந்தபோது எங்கள் மேஜையில் ஒருத்தி குடைமிளகாய் என்றாள். இன்னொருத்தி வெட்டிய புல் என்றாள். மூன்றாமவள் கொய்யாவிலேயே நின்றாள், அதுவும் பாதி பழுத்த கொய்யா என்று. பேச்சு சூடாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் மூன்று பேர் சொன்னதும் சரி. இந்தத் திராட்சையில் இருக்கும் பைரசீன் என்ற பொருள்தான் குடைமிளகாயிலும் இருக்கிறது, பச்சை வாசனை அதிலிருந்து வருகிறது. கொய்யா மணத்துக்குக் காரணம் தையால் என்ற வேறு வகைப் பொருள்கள். குலைமேல் வெயில் அதிகம் பட்டால் பைரசீன் குறையும். ஆக, இலையை எவ்வளவு கிள்ளினார்கள் என்பதுவரை அந்த ஒரு முகர்வில் இருக்கிறது. நான் தனியாகப் போயிருந்தால் கொய்யாவோடு எழுந்து வந்திருப்பேன்.

அடுத்தது ஷிராஸ். சிவப்பு ஒயின்களில் எனக்கு மிகவும் பிடித்தது. நாவல்பழம், கொஞ்சம் புகை, அதற்குப் பின்னால் அப்போதுதான் பொடித்த மிளகு. கோப்பையை நீட்டிக் கேட்டால் ஒருத்திக்கு மட்டும் மிளகு வரவே இல்லை.

“ஏய், நிஜமாவே வரலையாடி?”

“சத்தியமா இல்லை. நீங்க நாலு பேரும் கற்பனை பண்றீங்க.”

அவள் மூக்கில் குறை ஒன்றுமில்லை. ஷிராஸில் மிளகு மணம் தருவது ரொட்டண்டோன் என்ற பொருள். நம் வீட்டு மிளகிலும் அதுதான் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் இதை வெளியிட்டபோது கூடவே இன்னொன்றையும் சொன்னார்கள்: ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரியவே தெரியாது. ஐந்து தோழிகள் உட்கார்ந்தால் ஒருத்திக்கு அந்த மிளகு கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவள்தான் அன்றைக்கு அதே கோப்பையில் கிராம்பைக் கண்டுபிடித்தவள். அவள் சொன்ன பிறகு எங்களுக்கும் கிடைத்தது. தனியாக ருசிப்பவளுக்குத் தன் மூக்கில் எது விடுபடுகிறது என்பது ஆயுசுக்கும் தெரியாமல் போகலாம். கூட இருப்பவர்கள்தான் மீதியைத் தருகிறார்கள்.

சிவப்பு ஒயினின் துவர்ப்பைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். பாக்கு மென்று பழகியவளுக்கு அது புதிதல்ல, நாக்கு இறுகும் அந்த இடத்தில் கொஞ்சம் பொறுத்திருந்தால் பழம் திரும்பி வரும். குடிக்கப் பிடிக்காவிட்டால் மேஜையில் இருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடலாம். தொழில்முறையில் ருசிப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அது மரியாதைக் குறைவு இல்லை. குடிக்காத தோழியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒயினில் பாதிக்கு மேல் மூக்கோடு முடிந்துவிடுகிற காரியம். வண்டி மட்டும் ஓட்டுநரோடு வாடகைக்கு எடுத்ததாக இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு ஷெனன் பிளாங்க் வாங்குங்கள். லேசான இனிப்பும் எடுப்பான புளிப்பும் உள்ள ஒயின் அது. காரத்தோடு மோதாது. துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகாய் எரிச்சலைத் தூக்கிவிடும், கொஞ்சம் இனிப்பு அதை அடக்கும். அதனால் காரமான எதற்கும் பக்கத்தில் கபர்னே சாவிஞ்ஞோனை வைக்காதீர்கள். மாலையில் ஏரியைப் பார்த்தபடி, வேர்க்கடலை பொடித்துப் போட்ட சூடான ஜவ்வரிசி வடையும் குளிர்ந்த ஷெனனும். அந்த ஜோடிக்கு ஈடான ஒன்றை நான் இன்னும் சாப்பிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் வயிற்றோடு பாண்டவ்லேணி ஏறுங்கள். திரிரஷ்மி மலையில் இருபத்து நான்கு குடைவரைகள். பெயரில்தான் பாண்டவர், இடம் பௌத்தத் துறவிகளுடையது. படி இருநூறு போல இருக்கும். எல்லாக் குகைகளையும் எண்ணிக்கொண்டு போக வேண்டாம், மூன்று போதும்.

பத்தாவது குகையில் ஓர் அறை வாசலுக்கு மேல் ஒரு சிறிய கல்வெட்டு. அந்த அறை தட்சமித்திரையின் கொடை என்று அது சொல்கிறது. நஹபானன் என்ற க்ஷத்ரப அரசனின் மகள், உஷவதாதனின் மனைவி. கணவன் கொடுத்த கொடைகள் அதே குகையில் நீளமாக எழுதப்பட்டிருக்கின்றன. அவள் தன் பெயரில் தந்த அறைக்குத் தனியே எழுத்து. மூன்றாவது குகைக்கு வந்தால் தாழ்வாரத்தைத் தலையும் தோளுமாக ஆறு பூதங்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. முழுக் குகையின் பாரமும் தங்கள் மேல்தான் என்பதுபோல் அந்தப் பருத்த கைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே போகாமல் முதலில் அவற்றின் எதிரே நில்லுங்கள். பிறகு பின்சுவரைப் பாருங்கள். அந்த பிராமி எழுத்துகள் கௌதமி பாலஸ்ரீ என்ற தாயினுடையவை. நஹபானன் வம்சத்தை வேரறுத்த சாதவாகன அரசன் கௌதமிபுத்திர சாதகர்ணி அவள் மகன். அவன் பெயரே அம்மாவின் பெயரோடுதான் வரலாற்றில் நிற்கிறது. பேரன் புலுமாவியின் பத்தொன்பதாம் ஆட்சியாண்டில், மகனின் வெற்றிகளை வரிசையாகப் பாடி, குகையைத் துறவிகளுக்குக் கொடுத்திருக்கிறாள். தோற்ற அரசனின் மகளும் வென்ற அரசனின் தாயும் ஒரே மலையில், சில குகைகள் தள்ளி, தங்கள் கொடையைத் தங்கள் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் அங்கே நின்ற நேரம் அதிகம். சாதவாகனர் பற்றிய பள்ளிப் பாடத்தில் இந்த இருவரையும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்று ஒருத்தி கோபப்பட்டாள். நியாயமான கோபம்.

பதினெட்டாவது சைத்தியம். மரத்தில் கட்டுவதைக் கல்லில் அப்படியே செதுக்கிய முகப்பு. வாயில் வளைவின் அடியில் நின்று மேலே பார்க்க வேண்டும்.

இறங்கியதும் பசிக்கும். மிஸலுக்கு நேரம். கங்காபூர் சாலைப் பக்கம் விறகடுப்பில் செய்யும் ‘சாதனா’ கடை பெயர் பெற்றது. முளைகட்டிய மட்கிப்பயறு, கொப்பரையும் வெங்காயமும் கறுக்க வறுத்து அரைத்த மசாலா, மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெய். தனிக் கிண்ணத்தில் ரசம் போன்ற ரஸ்ஸா. கூடவே பாவ், அப்பளம், தயிர், நறுக்கிய வெங்காயம், எலுமிச்சை. ரஸ்ஸாவை ஒரேயடியாகக் கவிழ்த்துவிடாதீர்கள். மேலே தூவிய மிக்ஸர் ஊறிப்போகும். இரண்டு கரண்டி விட்டு, மொறுமொறுப்பு இருக்கும்போதே சாப்பிட்டு, அப்புறம் இன்னும் இரண்டு கரண்டி. ஐந்து பேர் ஐந்து விதமாகக் கலந்து சாப்பிடுவதைப் பார்த்தாலே ஒருத்தி மற்றவள் தட்டிலிருந்து கற்றுக்கொள்வாள். இதற்கு ஒயின் தேவையில்லை, மோர் போதும். முடித்த கையோடு ஜிலேபி.

த்ரியம்பகேஷ்வரை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் அரை நாள் போய்விடும், அந்தக் கோயிலுக்குத் தனியாக வர வேண்டும். அதற்குப் பதில் ஊருக்குள் காளாராம் கோயில் வாசலுக்குப் போய்வாருங்கள். கறுத்த கல்லில் எழுந்த கோயில். 1930 மார்ச் 2ஆம் தேதி அம்பேத்கர் ஆலய நுழைவுப் போராட்டத்தைத் தொடங்கியது இங்கேதான். போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீடித்தும் அப்போது கதவு திறக்கவில்லை. நாசிக் போகிறவர்கள் அந்த வாசலில் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வீட்டுக்கு என்ன வாங்குவது என்று கேட்டால் கோண்டாஜி சிவ்டா என்ற நொறுக்குத்தீனியும் உலர்திராட்சையும். நாசிக்கின் வெள்ளை ஒயினை வருஷக்கணக்கில் சேர்த்துவைக்க வேண்டாம், இளமையிலேயே குடிக்க வேண்டிய சரக்கு அது.

தேதியை இப்போதே தோழிகளிடம் பேசி முடிவு செய்துவிடுங்கள். பிப்ரவரி உத்தமம், மார்ச் முதல் வாரம் வரை பரவாயில்லை. மார்ச்சோடு அறுவடை முடிந்துவிடும். ஏப்ரலில் போனால் வெட்டிவிட்ட கொடிகளைத்தான் பார்க்கலாம்.