கல்லுக்கு இப்படியும் ஓர் இடை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊருக்கு வடக்கே இருக்கிறது ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. இயற்கை குடைந்த கல் வளைவுகள் அங்கே 2,000-க்கு மேல். அத்தனையிலும் என் மனம் போய் நிற்பது டெலிகேட் ஆர்ச்சிடம்தான். அந்த அழகைப் பாதையின் முதல் அடியிலிருந்தே பருகத் தொடங்க வேண்டும்.

நடை தொடங்கும் இடத்தில், ஜான் வெஸ்லி உல்ஃப் குடும்பம் 1906-ல் கட்டிய சின்ன மரக்குடில். சற்றுத் தள்ளி, பாறையில் யூட் பழங்குடியினர் கீறிய குதிரைகளும் வீரர்களும், சூழ்ந்து நிற்கும் காட்டாடுகளும். கீறல்தான், ஆனால் குதிரையின் கழுத்தில் என்ன மிடுக்கு! அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

அப்புறம் மொட்டைப் பாறைச் சரிவு. தடம் என்று எதுவும் கிடையாது. வழி காட்டுபவை யாரோ அடுக்கிவைத்த சிறு கற்குவியல்கள். காலடியில் அந்தப் பாறை எவ்வளவு இதம்! ஜுராசிக் காலத்தில் காற்று குவித்த மணல்மேடு இறுகிக் கல்லானது. மணலின் மென்மை இன்னும் அதை விட்டுப் போகவில்லை. அதன் செந்நிறம் முழுவதும் இரும்புத் துருவின் கொடை.

கடைசி இருநூறு கஜம்தான் பாதையின் கலைத்திறன். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் சுவர்போல் எழும் பாறை. அந்தச் சுவர் வளைவைக் கடைசிக் கணம் வரை காட்டாது. சுவர் முடிகிறது. கண்முன்னே, ஒரு பெரிய கற்கிண்ணத்தின் விளிம்பில், தன்னந்தனியாக நிற்கிறது அது.

வாயிலின் உயரம் சுமார் 14 மீட்டர், அகலம் 10 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்தப் பூங்காவிலேயே லேண்ட்ஸ்கேப் ஆர்ச் சுமார் 90 மீட்டர் நீள்கிறது. ஆனாலும் ஒயில் இதற்குத்தான். ஒரு காலைப் பாருங்கள்: பாதி உயரத்தில் மெலிந்து, இடையாய் ஒசிந்து, பிறகு மீண்டும் திரண்டு தோளைத் தாங்குகிறது. கனத்தையெல்லாம் அந்த மெல்லிடை சுமக்கிறதே என்று நெஞ்சு பதறும். கல்லோ எந்தச் சிரமமும் காட்டாமல் நிற்கும்.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு காலில் ஓடும் கிடைவரிகள், நடுவே வெறும் வானத்தைத் தாண்டி, மறு காலில் தொடர்கின்றன. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே மதில். அடியில் இருந்த உப்புப் படுகை அசைந்ததில் பாறை வெடித்து மதில் மதிலாகப் பிரிந்தது. மழைநீர் மணலைப் பிணைத்த சுண்ணத்தைக் கரைத்தது. குளிரில் உறைந்த நீர் விரிசல்களை விரித்தது. எதையும் சேர்க்காமல், எடுத்து எடுத்தே முடித்த சிற்பம் இது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கைபோல் அல்லவா இருக்கிறது!

வளைவின் பின்னால், தொலைவில், லா சால் மலைச் சிகரங்கள். பனிக்காலத்தில் தலையெல்லாம் வெண்மை. அந்தி வெயிலில் முன்னே செம்பாறை கனன்று நிற்க, பின்னே அந்த வெண்மை குளிர்ந்து கிடக்கும்.

1950-களில் இந்த வளைவை அரிப்பிலிருந்து காக்க நிறமற்ற பிளாஸ்டிக் பூச்சு பூசலாமா என்று பூங்காத் துறை ஆராய்ந்து, பிறகு கைவிட்டது. கைவிட்டதே சரி. மழைக்கும் காற்றுக்கும் மேனியைக் கொடுத்து நிற்பதால்தானே அதற்கு இந்த அழகு.

போகிறவர்கள் மாலையைத் தேர்ந்தெடுங்கள். போக வர சுமார் 5 கிலோமீட்டர்; வழியில் நிழல் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும், இருட்டில் இறங்க ஒரு டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். படம் பிடித்ததும் திரும்பிவிடாமல், கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து ஆற அமரப் பாருங்கள்.